ஆச்சி வளையலில் இரண்டு மோதிரம்

கேள்வி: அக்கா, ஜனவரியில் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச்சில் எனக்குக் கல்யாணம். நான் நர்ஸ்; அவர் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆச்சி தந்த ஒன்றரைப் பவுன் வளையலை உருக்கி, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மோதிரம் செய்ய ஆசை. வளையலைச் சுற்றி நெல்மணி வேலைப்பாடு உண்டு. தெரிந்த ஆசாரியிடம் கொடுக்கலாம் என்கிறார் அவர். "ஆச்சி நகையை உருக்காதே, கடையில் ரெடியாக இருக்கிற ஜோடியை எடு" என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, நான் உன் பக்கம். ஆச்சி கைபட்ட ஒரே தங்கத்திலிருந்து இரண்டு மோதிரம், எந்தக் கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் கிடைக்காது. "ஒரே மாதிரி" என்பதை மட்டும் கொஞ்சம் யோசி.

உன் கையும் அவர் கையும் ஒரே வேலை செய்வதில்லை. நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளவுஸ் மாட்டிக் கழற்றுகிறாய்! கல் தூக்கி நின்றால் கிளவுஸ் கிழியும், இடுக்கில் சோப்பு தங்கும். அவருக்கோ, சுற்றுகிற லேத்தில் மோதிரம் மாட்டினால் விரலே போய்விடும். மெஷினைத் தொடுமுன் அவர் கழற்றியே ஆகவேண்டும். இதில் சென்டிமென்ட் பார்க்காதே. அதனால் அவருக்கு விரல் மூட்டைத் தாண்டி லேசாக வரும் வழவழப்பான பட்டை மோதிரம், உனக்குக் கல் இல்லாமல் மெல்லியதாக ஒன்று. ஜோடி என்று சொல்ல அந்த நெல்மணி போதும். உனக்கு மேலே ஆழமில்லாமல் ஒரு வரிசை, அவருக்கு உள்பக்கம் ஒரே ஒரு மணி. உருக்குமுன் வளையலைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடு, மெழுகில் பதிவும் எடுத்துக்கொள்.

ஆசாரியிடமே கொடு. கொற்கைப் பக்கம் அக்கசாலை என்றே ஓர் ஊர் உண்டு. பொன்வேலை நடக்கும் இடத்துக்கு நம் பழைய சொல் அது. பக்கத்தில் உட்கார்ந்து "இந்த மணி இன்னும் சின்னதாக" என்று சொல்ல ஆசாரிப் பட்டறையில்தான் முடியும். முதலில் வெள்ளியில் மாதிரி செய்யச் சொல், செலவு அதிகமில்லை. ஒரு வாரம் வேலைக்குப் போட்டுப் பார். அளவைக் காலையில் ஒரு தடவை, வெயிலில் அலைந்த சாயங்காலம் ஒரு தடவை எடு. நம் ஊர்ச் சூட்டில் விரல் உப்பும். அவருடையது அகலப் பட்டை என்பதால் அகல வளையத்திலேயே அளவெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கும்.

உள்ளே தேதி வெட்ட ஆசை வரும். என் மோதிரத்திலும் வெட்டியிருந்தோம். முதல் பிள்ளைக்குப் பிறகு விரல் பருத்தது. பெரிதாக்க அறுத்தபோது கத்தி சரியாக வருடத்தின் மேல் விழுந்தது. இன்றும் நாளும் மாதமும்தான் இருக்கின்றன. உள்ளங்கைப் பக்கம்தான் அறுப்பார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு, மேற்பாதியின் உட்புறத்தில் வெட்டச் சொல்.

கணக்கைக் கறாராகப் பேசு. ஒன்றரைப் பவுன் 12 கிராம். அவருக்கு 5, உனக்கு 3 என்றால் சேதாரம் போக மீதி உனக்கு வரவேண்டும். கொடுத்த எடை, உருக்கிய பின் எடை, தரம், சேதாரம், கூலி எல்லாம் சீட்டில் இருக்கட்டும். பழைய வளையலில் பற்றுவைத்த (வேறு உலோகம் கலந்து ஒட்டிய) இடம் இருந்தால் 22 காரட்டுக்கான 91.6 சதவீதத் தரம் வராமல் போகலாம். அது ஆசாரியின் குற்றமில்லை. குறைந்தால் சுத்தத் தங்கம் சேர்த்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாளக் குறி) கட்டாயம். சிறு ஆசாரிகள் பலருக்கு ஹால்மார்க் முத்திரை வாங்குவதற்கான பதிவு இருக்காது. பதிவுள்ள கடை வழியாக முத்திரை வாங்கித் தர முடியுமா என்று கேள். முடியாவிட்டால் ஹால்மார்க் மையத்தில் நீயே கொடுத்துத் தரம் பார்க்கலாம்.

தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் வேலையைக் கொடுத்துவிடு. உருக்குகிற அன்று அம்மாவையும் கூட்டிப் போ. மூசையில் போடுமுன் அந்த வளையலை அவர் ஒரு தடவை கையில் போட்டுப் பார்க்கட்டும்.