பெயரில்லாத துபாஷி

அன்புள்ள ஆசிரியருக்கு,

'தி தர்ட்டீன்த் வாரியர்' (1999) படத்தை நேற்றிரவு பார்த்தேன். பாக்தாதிலிருந்து வந்த அரபுக் கவிஞர் இப்னு ஃபத்லான், வடதிசை வீரர்களோடு சேர்ந்து வாளேந்தும் கதை. அவர்கள் தரும் கனத்த வாளைத் தேய்த்து வளைந்த வாளாக்கிக்கொள்கிறார். இது நடக்கக்கூடியதா? நெருப்பருகே உட்கார்ந்து ஒரே இரவில் அவர்களுடைய மொழியையும் கற்றுவிடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் அப்படி ஒருவர் இருந்தாரா?

ம.

அன்புள்ள ம.,

இருந்தார். அப்பாசியக் கலீஃபா அல்-முக்ததிர் இன்றைய ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்கர்களின் அரசனுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் ஒருவராக 921இல் பாக்தாதிலிருந்து கிளம்பி, 922 மே மாதம் போய்ச் சேர்ந்தார். கலீஃபாவின் கடிதத்தை வாசிப்பதும் பரிசுகளை ஒப்படைப்பதும் அவர் வேலை. வாளேந்திப் போரிட்டவரல்ல. போர்க்கதை 'பெயோவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்திலிருந்து வந்தது. இரண்டையும் 1976இல் மைக்கேல் கிரைட்டன் ஒரு நாவலில் இணைத்தார். வாளைப் பற்றிய கேள்வியை விடுங்கள். அக்காலத்து அரபு வாள்களே பெரும்பாலும் நேரானவைதான்.

ஆனால் அந்த நெருப்பருகுக் காட்சியைப் பார்த்துச் சிரித்தேன் என்கிறீர்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அது ஒரே இரவு அல்ல. இரவுகள் மாறுகின்றன, மழை வருகிறது, புரியாத பேச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகத் துலங்குகிறது. கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். ஒருவன் வாயை மூடிக்கொண்டு பிறர் பேசுவதைக் கேட்பதைக் காட்டுவதற்கு எத்தனை படங்களுக்குப் பொறுமை இருக்கிறது?

எனக்குப் படத்தோடு இருக்கும் சண்டை வேறு. உங்கள் கடிதம் வந்தபோது இப்னு ஃபத்லான் எழுதிய பயணக் குறிப்பில் ஒரு மரணத்தைச் சொல்லும் பக்கங்களைத்தான் மீண்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். வோல்கா கரையில், ரூஸ் எனப்பட்ட வடதிசை வணிகர்களின் தலைவன் ஒருவன் இறந்துவிடுகிறான். அவனோடு சாக ஓர் அடிமைப்பெண் முன்வருகிறாள். கதவு நிலைபோல் ஒன்றை நட்டுவைத்திருக்கிறார்கள். ஆண்களின் உள்ளங்கைகளில் பாதம் வைத்து அவள் அதற்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். முதல்முறை, இதோ என் தந்தையையும் தாயையும் காண்கிறேன் என்கிறாள். இரண்டாம் முறை, இறந்துபோன உறவினர் எல்லோரும் அமர்ந்திருக்கிறார்கள் என்கிறாள். மூன்றாம் முறை, எஜமானர் பசுமையான சொர்க்கத்திலிருந்து அழைக்கிறார், என்னை அவரிடம் அனுப்புங்கள் என்கிறாள்.

படத்தில் போருக்கு முன் வீரர்கள் முழங்கும் பிரார்த்தனை இதுதான். உங்களுக்குப் புல்லரித்திருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. அவளைக் கொன்றபோது அலறல் வெளியே கேட்காதபடி ஆண்கள் கேடயங்களைத் தடிகளால் அடித்தார்கள் என்று அதே குறிப்பில் இருக்கிறது. கேடயம் ஏந்தியவர்களின் வாயிலேயே அவள் சொற்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சொற்களும் இப்னு ஃபத்லானுக்கு நேராகக் கிடைத்தவை அல்ல. அவருக்கு அந்த மொழி தெரியாது. அவள் என்ன செய்தாள் என்று துபாஷியிடம், அதாவது மொழிபெயர்த்துச் சொன்னவரிடம், கேட்டேன் என்கிறார். துபாஷி சொன்னதால்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்து அவள் குரல் நம்மிடம் வந்திருக்கிறது. அந்தத் துபாஷியின் பெயரை அவர் எழுதவில்லை.

அம்மாவோடு மருத்துவமனையில் இருந்த நாட்களில் பக்கத்துப் படுக்கையில் ஒரு வங்காள மூதாட்டி இருந்தார். உடன் வந்த மகன் பணம் புரட்டுவதற்காக ஊருக்குப் போயிருந்தார். மூன்று நாட்களாக அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தோம், தள்ளிவிட்டார். போர்வையை இழுத்துப் போர்த்தினோம், அழுதார். நான்காம் நாள் தரை துடைக்க ஒரு புதுப் பையன் வந்தான். அவர் குரல் காதில் விழுந்ததும் வாளியைக் கீழே வைத்தான். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, குனிந்து அவர் வாயருகே காதைக் கொடுத்தான். பிறகு உடைந்த தமிழில் என்னிடம் சொன்னான்: "தலை வடக்கே இருக்குதாம். மாத்திப் போடச் சொல்றாங்க."

வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று எனக்கும் என் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நானும் அவனும் கட்டிலைப் பிடித்துத் திருப்பிப் போட்டோம். அன்று மாலை முழுவதும் அந்த அம்மாள் அயர்ந்து தூங்கினார். பையன் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

அவன் பெயரை நானும் கேட்கவில்லை.