கேளுங்கள், சொல்கிறேன்: ஓசியில் வந்ததை விற்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். வேலை விஷயமாக ஜெர்மனி, ஜப்பான் என்று அடிக்கடி போய்வருகிறான். விமானத்தில் கொடுக்கும் சின்னப் பை, ஓட்டல் சோப்பு, கண்காட்சியில் கொடுக்கும் தொப்பி, பேட்ஜ் எல்லாம் ஓர் அலமாரி நிறையச் சேர்ந்துவிட்டன. மருமகள் இப்போது அவற்றைப் படமெடுத்து இணையத்தில் விற்கிறாள். நல்ல விலை போகிறது. ஆனால் சும்மா வந்ததை விற்றுக் காசாக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் நினைப்பது சரிதானா?
— ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, மருமகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் மனமுவந்து, விலை வாங்காமல் கொடுத்து, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால் அது தானம் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். கைக்கு வந்தபின் அது உங்கள் மகனுடைய பொருள். விமானத்தில் உயர் வகுப்புப் பயணிகளுக்குக் கொடுக்கும் அந்தப் பையில் காலுறை, கண்மூடி, பல்துலக்கி, உதட்டுக்குப் பூசும் களிம்பு என்று சில்லறைச் சாமான்கள்தான் இருக்கும். ஆனாலும் பையைச் சேர்ப்பதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஜிப்பைத் திறக்காத பைக்கு அவர்களிடம் தனி மவுசு. அலமாரியில் தூங்குவது ஆசைப்பட்டவர் கைக்குப் போகிறது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நான் கவலைப்படுவது விற்கும் கையைப் பற்றி அல்ல, எடுக்கும் கையைப் பற்றி. பையை யாராவது நீட்டினார்களா, அல்லது அங்கே கிடந்ததை மகன் எடுத்துக்கொண்டாரா? இதை அவரிடம் கேளுங்கள். விமானத்தில் தரும் போர்வையும் தலையணையும் இரவல், இறங்கும்போது அங்கேயே விட்டுவர வேண்டியவை. ஓட்டல் சோப்பு விருந்தாளிக்கு, துண்டு ஓட்டலுக்கு.

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லாத குறையால், யாத்திரைக் குழு நடத்திய காலத்தில் எங்கள் ஆட்களை வேனில் ஜோலார்பேட்டைக்குக் கூட்டிப்போய்த்தான் காசிக்கு ஏற்றுவேன். ஏ.சி. பெட்டியில் படுக்கை விரிப்பும் கைத்துண்டும் தருவார்கள். ஒருமுறை இறங்கும் நேரத்தில் ஒரு துண்டு குறைந்தது. பெட்டியைக் கவனித்துக்கொண்டிருந்த பையன் முகம் வெளுத்துப் போய் ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து தேடினான். “என் சம்பளத்தில் பிடிப்பார்கள் அம்மா” என்றான். துண்டு எங்கள் குழுவில் ஒருவர் பையில், அழுக்குப் புடவைக்கு அடியில் இருந்தது. “டிக்கெட் காசில் சேர்த்திதானே?” என்றார் அவர், கள்ளம் இல்லாமல். அது சேர்த்தி இல்லை. ரயில்வே சொத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் தண்டிக்க 1966-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் எடுக்க மனம் வராது.

அடுத்தது அளவு. கண்காட்சியில் ஆளுக்கு ஒரு தொப்பி கொடுக்கிறார்கள். விற்கலாம் என்று கணக்குப் போட்டு நாலு தடவை வரிசையில் நின்றால், பின்னால் நிற்கும் பிள்ளைக்குத் தீர்ந்துபோகும். உங்கள் மகன் போய்வரும் ஜப்பானிலேயே இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2019 மே 1 அன்று புதிய பேரரசர் பதவியேற்று, ‘ரெய்வா’ என்ற புது ஆண்டுக்கணக்கு தொடங்கியது. டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்தில், சிறு காணிக்கைக்கு அன்றைய தேதியிட்டுக் கையால் எழுதி முத்திரை வைத்துத் தரும் தாளுக்காக ஜனங்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். உடனேயே அந்தத் தாள்கள் இணைய ஏலத்துக்கு வந்துவிட்டன. விற்பதற்கென்றே வரிசையில் நின்றவர்களால், கும்பிட வந்தவர்களுக்குக் காத்திருப்புதான் கூடியது.

இன்னும் இரண்டு விஷயம். கம்பெனிக்குச் சாமான் சப்ளை செய்பவரோ, வியாபாரம் பேச வந்தவரோ கொடுத்த பரிசு இந்தக் கணக்கில் வராது. பல கம்பெனிகளில் அதை மேலிடத்தில் சொல்லியாக வேண்டும் என்று விதியே உண்டு. கேட்காமல் விற்றால் மகன் வேலைக்கே சிக்கல் வரலாம். அப்புறம், யாராவது வீட்டுக்கு அழைத்து, காகிதம் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்தது இருந்தால் அதை மருமகள் தொடவே வேண்டாம். நம் தகடூர் அதியமான் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியை ஒளவைக்குக் கொடுத்தான். ஒளவை அதை உண்டார், பிறகு அவனை வாழ்த்திப் பாடினார். புறநானூற்றில் 91-ஆம் பாட்டு அது. கொடுத்தவரின் முகம் ஞாபகம் இருக்கும் பொருளுக்கு அதுதான் மரியாதை. விமானக் கம்பெனி அந்த வகுப்பில் வரும் எல்லாருக்கும் கொடுக்கும் பைக்கு அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, தாராளமாக விற்கட்டும்.

கேள்வி: நானும் நண்பர்களும் அடிக்கடி திருமலை போகிறோம். தரிசனம் முடிந்ததும் கிடைக்கும் இலவச லட்டோடு, காசு கொடுத்து வாங்கும் லட்டையும் சேர்த்து ‘நேரடித் திருமலைப் பிரசாதம்’ என்று இணையத்தில் போட்டால் வாங்க ஆள் இருக்கிறது. வண்டிச் செலவாவது தேறும். செய்யலாமா?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம் தம்பி. இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

தரிசனம் செய்தவருக்கு ஒரு லட்டு இலவசம் என்று தேவஸ்தானம் வைத்திருப்பது, கையில் காசில்லாத பக்தரும் வெறுங்கையோடு மலையிறங்கக் கூடாது என்பதற்காக. கூடுதலாக வேண்டுமென்றால் சின்ன லட்டு 50 ரூபாய். இதையும் இடைத்தரகர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதால்தான் 2024 ஆகஸ்ட் கடைசியில், தரிசன டோக்கன் இல்லாதவர்கள் ஆதாரைக் காட்டினால்தான் லட்டு என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். நீங்கள் செய்ய நினைப்பதும் அந்தத் தரகு வேலைதான்.

உணவுப் பொருளை விற்பதற்குப் பதிவோ உரிமமோ வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதைவிட முக்கியம், வாங்குபவரால் எதையும் சோதித்துப் பார்க்க முடியாது. அயோத்தி கோயில் திறப்பை ஒட்டி, 2024 ஜனவரியில், சாதாரண இனிப்புகளை ‘ராமர் கோயில் பிரசாதம்’ என்று இணையத்தில் விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய விற்பனைத் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. நீங்கள் உண்மையான லட்டையே அனுப்பலாம். ஆனால் இணையத்தில் பிரசாதம் வாங்கும் பழக்கத்தை வளர்த்தால், அதன் நிழலில் போலிக்காரன் பிழைப்பான்.

திருமலையிலிருந்து குப்பம் வழியாகத் திரும்பும்போது டீக்கடையில் வண்டியை நிறுத்துவோம். யாராவது ஒருவர் நெய் ஊறிய காகிதத்தைப் பிரிப்பார். முந்திரியும் கல்கண்டும் விரலில் ஒட்ட, லட்டைப் பிட்டு டீ ஆற்றுபவர் கையில் ஒரு துண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கையில் ஒரு துண்டு வைப்பார். பச்சைக் கற்பூர வாசம் கடை முழுக்க அடிக்கும். அந்தப் பெரியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாயில் போடுவார். பிரசாதம் போய்ச் சேர வேண்டிய வழி இதுதான் என்று நம்புகிறேன். தெருவில் முடியாதவர் யாராவது வாங்கிவரச் சொன்னால் வாங்கி வாருங்கள். 50 ரூபாய் லட்டுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள், இலவச லட்டுக்கு எதுவும் வாங்காதீர்கள். வண்டிச் செலவு உங்கள் யாத்திரையின் செலவு.

கேள்வி: நண்பர்களோடு மயிலாடும்பாறைக்குப் போயிருந்தேன். பக்கத்து வயலில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்பும் கொண்ட ஒரு பானை ஓட்டை எடுத்துவந்தேன். ஓரத்தில் ஏதோ கீறல் இருக்கிறது. படம் போட்டதும் முகம் தெரியாத ஒருவர் விலை கேட்கிறார். தரையில் சும்மா கிடந்ததுதானே?
— கல்லூரி மாணவர், பர்கூர்

பதில்: விற்காதீர்கள். முதல் கடிதத்தில் கொடுத்தவர் என்று ஒருவராவது இருந்தார். இதை உங்களுக்கு யாருமே கொடுக்கவில்லை.

மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த மாதிரிகளைச் சோதித்ததில், இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்த மண்ணில் கிடப்பதைச் சாதாரண ஓடு என்று நினைக்கக் கூடாது. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தும் இருக்கும். நீங்கள் சொல்லும் கீறல் அந்தக் காலத்துக் குறியீடாக இருக்கலாம். எந்த இடத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் ஆராய்ச்சிக்கு உதவும். வாங்குபவரின் அலமாரிக்குப் போனால் அது வெறும் அழகுப் பொருள்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். விலை கேட்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூட உங்களுக்குத் தெரியாது.

படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். ஓட்டைக் கழுவாதீர்கள், கீறலைத் தேய்த்துப் பார்க்காதீர்கள். பழைய செய்தித்தாளில் சுற்றி, எந்த வயல், எந்த மூலை, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். இடத்தைக் காட்டக் கூப்பிட்டால் கூடவே போய்வாருங்கள்.