குரூஸ் மிசைல்னா என்ன, ஏன் அவ்வளவு தாழ்வா பறக்குது?

சிம்பிளா சொன்னா ஆளில்லாத ஒரு குட்டி ஜெட் விமானம், ரெக்கை இருக்கும், எஞ்சின் கடைசி வரைக்கும் ஓடும், போய் இடிச்சா வெடிக்கும். பாலிஸ்டிக் மிசைல் வேற, அது ராக்கெட்ல மேல போயி எஞ்சின் அணைஞ்சதும் வளைஞ்சு வந்து விழும்.

ரேடார் அலை நேரா போகும், பூமி வளைஞ்சிருக்கு, அதனால தரைய ஒட்டி வர்றது கிட்ட வந்த பிறகுதான் ரேடார்ல தெரியும், நடுவுல மலை இருந்தா இன்னும் வசதி. நம்ம கேஎல்ல மெயின் ரோட்டுல ரோட் பிளாக்னு தெரிஞ்சதும் டெலிவரி ரைடரு செந்தூல்ல லோரோங் லோரோங்கா பூந்து வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாருல்ல, அதே டெக்னிக்தான். வழிய ஜிபிஎஸ்ல பார்க்கும், அத ஜாம் பண்ணாலும் கீழ இருக்கிற மேடு பள்ளத்த உள்ள ஏத்தி வச்ச மேப்போட ஒப்பிட்டு ஒப்பிட்டு போகும் (கெட்டிக்காரத்தனம்தான், வேலைதான் நாசவேலை).

அமெரிக்கா தன்னோட டோமஹாக்ங்கிற குரூஸ் மிசைல முதல்முறையா போர்ல அடிச்சது 1991 வளைகுடா போர்ல, கப்பல்லேர்ந்தும் நீர்மூழ்கியிலேர்ந்தும். ரேடார் நிலையம், கமாண்ட் சென்டர் மாதிரி இடம் மாறாத இலக்குக்கு இத அனுப்புவாங்க, பைலட் உயிருக்கு ஆபத்தில்ல பாருங்க.

மிசைல்னாலே சத்தத்த விட வேகம்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, டோமஹாக் மணிக்கு சுமார் 880 கிலோமீட்டர்தான், கேஎல்ஐஏலேர்ந்து கிளம்புற பயணிகள் விமானமும் மேல போனா ஏறக்குறைய அதே வேகம், இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து செஞ்ச பிரமோஸ் மாதிரி சிலதுதான் ஒலிய முந்தும்.