மண்ணில் கை வைத்தால் மனசு லேசாகுமா? மாடித் தொட்டிக்கு எந்த மண்?

‘மண்ணைத் தொட்டாலே மன அழுத்தம் குறையும் என்கிறார்களே, உண்மையா? மாடியில் எந்த மண் போடலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அடுக்குமாடி வீடு, ஏழெட்டுத் தொட்டிக்குத்தான் இடம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தப் பேச்சுக்கு மூலம் மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற மண் பாக்டீரியா. மாட்டுச் சாணத்தில் கண்டெடுத்ததால் அந்தப் பெயர். லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. சூடாக்கிக் கொன்ற இந்தப் பாக்டீரியாவை நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்து, லண்டனில் மேரி ஓப்ரையன் குழு 2004இல் முடிவை வெளியிட்டது. ஆயுள் கூடவில்லை, அன்றாட வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. 2007இல் பிரிஸ்டலில் கிறிஸ்டோபர் லோரி குழு எலிகளுக்குக் கொடுத்தபோது மூளையில், மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் தூண்டப்பட்டன. ஆக, எலியும் ஊசியும்தான் ஆதாரம். தொட்டியைக் கிளறுகிற மனிதருக்கும் அதே அளவு பலன் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இப்படிச் சொன்னால் இயற்கைக்கு எதிரி என்பார்கள், பரவாயில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை மண்ணை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

மண்வாசனை வேறு விஷயம். ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசம் அது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு பிடி மண்ணை முகர்ந்து பாருங்கள். மழை வாசம் வந்தால் உயிருள்ள மண். அழுகின முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் போயிருக்கிறது. தொட்டியின் அடித்துளையைக் குச்சியால் குத்தி விடுங்கள்.

கலவை இப்படி: செம்மண் 2 சட்டி, நன்றாக மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 சட்டி, கழுவின கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 சட்டி, 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பச்சைச் சாணம் போட்டால் மட்கும்போது சூடேறி வேரைக் கருக்கும். கோகோபீட்டில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்தால் முதல் தண்ணீர் டிக்காஷன் மாதிரி கறுப்பாக வரும். அது வெளிர் மஞ்சளாகும்வரை மூன்று நான்கு தடவை அலசுங்கள். வெறும் கோகோபீட்டைக் கறுப்பாக்கி ‘செடி மண்’ என்று மூட்டை கட்டி விற்பதை வாங்காதீர்கள். அதில் மண்ணே இல்லை.

ஈரப்பதம் பார்க்க, கலவையைப் பிடித்து அமுக்குங்கள். உருண்டையாக நின்று, விரலால் தொட்டதும் உதிர வேண்டும். சொட்டினால் ஈரம் அதிகம், உருண்டையே பிடிக்காவிட்டால் போதாது.

வெறுங்கையால் கிளறலாம், காயம் இருந்தால் கையுறை கட்டாயம். சர்க்கரை நோயாளிகள் மழைக்காலத்துச் சேற்று மண்ணில் வெறுங்கையும் வெறுங்காலுமாக இறங்கவே வேண்டாம். ஈர மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவால் மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்று வரும். டெட்டனஸ் ஊசியையும் காலம் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடியிருப்புகளில் தினமும் சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். நுண்ணுயிருக்குச் சோறு போடுவதே அந்தச் சருகுதான், அதை எரித்துவிட்டுக் கடையில் உரம் வாங்குகிறோம். கூட்டுபவரிடம் சொல்லி ஒரு சாக்குச் சருகு வாங்கி வையுங்கள். வேம்பு, புங்கன், மா எதுவானாலும் சரி, தைலமரச் சருகு மட்டும் வேண்டாம். தொட்டியில் இரண்டு அங்குலம் பரப்பி, தண்டைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டுவிடுங்கள். ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும்.