அமெரிக்கர்கள் ஏன் அரசு மருத்துவத்தை எதிர்க்கிறார்கள்? ஐரோப்பியர்கள் மட்டும் ஏன் அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள்?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் கையில் இரண்டு வேலை ஆஃபர் வைத்துக்கொண்டு, டல்லாஸா லண்டனா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவராகத்தான் இருப்பார். குடும்பத்தோடு இரண்டு நாட்டிலும் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அமெரிக்கர்கள் எதிர்க்கிறார்கள் என்பதே பாதி உண்மைதான். நியூ ஜெர்சியில் என் டீமில் ஒரு பெரியவர் இருந்தார். அரசாங்கம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்பார். அவருடைய அம்மாவுக்கு வைத்தியமெல்லாம் மெடிகேரில், அதாவது 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீட்டில். "அது மட்டும் என்னவாம்?" என்று கேட்டேன். "அது அம்மா சம்பளத்தில் பிடித்த பணம், தர்மம் இல்லை" என்றார் சுருக்கென்று. அரசாங்கம் தருவதில்கூட அவருக்கு ஆட்சேபம் குறைவு. சும்மா தருவதில்தான் ஆட்சேபம்.

இதற்குப் பழைய கதை உண்டு. உலகப் போர் சமயத்தில், 1942ல், சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க கம்பெனிகள் மருத்துவக் காப்பீட்டை நீட்டின. அதற்கு வரியும் இல்லை என்றானதும் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. 1945ல் அதிபர் ட்ரூமன் எல்லோருக்கும் அரசுக் காப்பீடு என்று கிளம்பியபோது டாக்டர்கள் சங்கம் 'சோஷலிச மருத்துவம்' என்று கூப்பாடு போட்டது, திட்டம் படுத்துவிட்டது. பிரிட்டனிலும் டாக்டர்கள் முரண்டு பிடித்தார்கள்தான். ஆனால் சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் 1948 ஜூலை 5ல் என்.எச்.எஸ்ஸை, அதாவது வரிப்பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கும் அரசு மருத்துவ சேவையை, தொடங்கியே விட்டார். (ஜெர்மனியில் 1883லேயே, பிஸ்மார்க் காலத்தில், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டும் காப்பீடு வந்துவிட்டது. அது வேறு கதை, ஜெர்மனிவாசிகள் சண்டைக்கு வரவேண்டாம்.)

என் கதைக்கு வருகிறேன். நியூ ஜெர்சியில் மூத்தவன் சறுக்கிலிருந்து விழுந்து கை உடைந்தது. எமர்ஜென்சிக்கு ஓடினோம். அந்த ஆஸ்பத்திரி எங்கள் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒப்பந்தம் போட்ட பட்டியலில், இருக்கிறதா என்று காரில் போகும்போதே மனைவி போனில் பார்த்தாள். இருந்தது. சிகிச்சையில் குறையே சொல்ல முடியாது. அப்புறம் தபால் வர ஆரம்பித்தது. முதலில் 'இது பில் அல்ல' என்று போட்ட கடிதம், பின்னாலேயே நிஜ பில். ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் உண்டாம், எலும்பு டாக்டர் இல்லையாம்! பையன் வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது நான் டாக்டரிடம் நெட்வொர்க் விசாரித்திருக்க வேண்டுமாம். இன்ஷூரன்ஸுக்கும் பில்லிங் ஆபீசுக்கும் மாறி மாறிப் போன் செய்து ஓய்ந்து, கடைசியில் தவணை போட்டுக் கட்டினோம். எமர்ஜென்சியில் இப்படி வசூலிக்க 2022லிருந்து சட்டமே தடை போட்டிருக்கிறதே என்று கமெண்டில் வருபவர்களே, தெரியும். எங்களுக்கு நடந்தது அதற்கு முன்னால்.

இளையவள் இங்கிலாந்தில் பிறந்தாள். பிரசவ வார்டில் யாரும் இன்ஷூரன்ஸ் கார்டு கேட்கவில்லை. பிறகு மிட்வைஃப் வீட்டுக்கே வந்து குழந்தையை எடை போட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் நாங்கள் கொடுத்த ஒரே காசு கார் பார்க்கிங்குக்கு. காத்திருப்பு இல்லையா என்றால், உண்டு. முழங்காலுக்கு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் நொண்டியிருக்கிறேன். என் ஆபீஸ் ஆங்கிலேயர்களும் அதற்காக வாய் ஓயாமல் திட்டுவார்கள். ஆனால் இதை மூடிவிட்டு அமெரிக்கா மாதிரி மாற்று என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு எரிவது 'இலவசம்' என்ற பேச்சில்தான். விசாவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ், என்.எச்.எஸ்ஸைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். அதுவும் விசா காலம் முழுவதற்கும் முன்கூட்டியே மொத்தமாக. அதற்கு மேல் எல்லோரையும் போல வரி, சம்பளத்தில் அரசு பிடிக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸ். இத்தனையும் கட்டிவிட்டு, வெளிநாட்டுக்காரர்கள் ஓசியில் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று பஸ்ஸில் பேசுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து சித்தப்பா வேறு, "உனக்கென்னப்பா, எல்லாம் ஃப்ரீ" என்கிறார்.

லண்டன்தான் என்று முடிவு செய்தால், சர்சார்ஜைக் கம்பெனி கட்டுமா நீங்கள் கட்டவேண்டுமா என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்து.