மரத்துக்கு இரண்டு பெயர்

வணக்கம் ஐயா,

மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் ஆற்றங்கரை மக்களுக்காக நானூறு சொற்களில் ஒரு மொழியும் செய்துவிட்டேன். ஆறு 'மிரு', ஓடம் 'தொக்கல்', மீன் 'யாவின்'. கேட்க நன்றாக இருந்தும் உயிரில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் யோசிக்க வேண்டுமா? வாசகன் கண்ணில் படாததற்கு ஏன் இவ்வளவு உழைப்பு என்கிறார் நண்பர்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேர் வாசகனுக்குத் தெரியாது, சரிதான். ஆனால் அது இல்லாதது தெரிந்துவிடும். உங்களுக்கே தெரிந்ததால்தானே எழுதியிருக்கிறீர்கள்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீன் 1919-20இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்தார். 'வால்ரஸ்' என்ற ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பலமுறை எழுதி எழுதித் திருத்தியிருக்கிறார். தன் கதைகளில் வரும் எல்ஃப் இனத்துக்குக் குவென்யா, சிண்டாரின் என்று மொழிகள் செய்ததும் அதே கைதான். குவென்யாவுக்கு ஃபின்னிஷ் ஓசை, சிண்டாரினுக்கு வெல்ஷ் ஓசை. சொற்களை வேரிலிருந்து அவரே வளர்த்தார்.

அந்த மொழிகளில் 'மரம்' என்ற சொல்லையே பாருங்கள். ஆதி வடிவம் 'கலடா'. குவென்யாவில் முதல் மெய் உதிர்ந்து, நடு உயிரும் விழுந்து 'அல்டா' ஆகிறது. சிண்டாரினில் முதல் மெய் நிற்கிறது. கடைசி உயிர் போய், 'ட' மெலிந்து 'கலத்' ஆகிறது. அந்தத் 'த' நமக்குப் புதிதல்ல. 'அது' என்னும்போது நாக்கு பல்லில் பட்டும் படாமலும் நிற்கிறதே, அந்த ஒலி. மரங்களின்மேல் வீடு கட்டி வாழும் எல்ஃப்களுக்குக் 'கலத்ரிம்' என்று பெயர் வந்தது இப்படித்தான். மாற்றம் ஒரு சொல்லோடு நிற்காது என்பதுதான் இதில் முக்கியம். நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' என்றால், 'பல்' 'ஹல்லு', 'பத்து' 'ஹத்து'. ஒலி ஒரே தடத்தில் நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கும் அடுத்த படி. அந்த மரக்காட்டின் தலைவி கலட்ரியல். அவள் பெயருக்கும் மரத்துக்கும் தொடர்பே இல்லை. அதில் இருப்பது 'ஒளி' என்ற வேர், மாலை சூடிய பெண் என்ற பின்பகுதி. ஆனால் காட்டுக்கு வெளியே, பழைய நாட்களை மறந்துபோனவர்கள், மரத்திலிருந்து வந்த பெயர் என்று நினைத்துக் 'கலத்ரியல்' என்று சொல்லத் தொடங்கினார்கள் என்று டோல்கீன் குறித்து வைத்திருக்கிறார். காட்டுக்குள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. தான் செய்த மொழியில் மக்கள் செய்யும் பிழையைக்கூட யோசித்திருக்கிறார் மனிதர்! ஒரு எழுத்து மாறியதில், யார் அவளை அறிந்தவர், யார் கேள்விப்பட்டவர் என்பது தெரிந்துவிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ஆற்றை நம்பிப் பிழைக்கும் மக்கள். அவர்கள் மொழியில் ஓடம், மீன், கரை, ஈரம், தாகம் எதிலும் 'மிரு'வின் சாயல் இல்லை. நானூறும் தனித்தனியாகப் பிறந்து தனித்தனியாக நிற்கின்றன. முந்நூற்றைம்பதை ஓரமாக வையுங்கள். பத்துப் பன்னிரண்டு வேர்கள் போதும், மற்றவை அவற்றிலிருந்து வரட்டும். பிறகு, உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கூட்டம் ஆற்றை விட்டு மலைக்குப் போகிறதாமே? அங்கே ஆறில்லை. நான்கு தலைமுறை கழித்து அவர்கள் வாயில் 'மிரு' என்னவாக இருக்கிறது, எதைக் குறிக்கிறது? அதை யோசித்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.