வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் அடுத்தடுத்து எல்லோரும் படுத்துவிடுகிறோம். 4 மாதக் கைக்குழந்தை இருப்பதால் கவலையாக உள்ளது. மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை முன்கூட்டியே சாப்பிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சளியும் ஃப்ளூ காய்ச்சலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே எதிர்க்கும் என்பதால், அந்த மாத்திரைகள் உங்களைக் காக்கப்போவதில்லை.

ஃப்ளூ தொற்றியவர், தமக்கு அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரப்பக்கூடும். ஆகவே யாராவது தும்மிய பிறகு விழித்துக்கொள்வதைவிட, கை கழுவுவதை அன்றாடப் பழக்கமாக்குவதே மேல். நம்மில் பலர் உள்ளங்கைகளை மட்டும் அவசரமாகத் தேய்த்துவிட்டுக் கட்டைவிரலையும் நகக்கண்களையும் விட்டுவிடுகிறோம். சோப்பு நுரையோடு அவற்றையும் சேர்த்து 20 விநாடிகள் தேய்த்துக் கழுவுங்கள். சன்னல்களைத் திறந்துவையுங்கள்.

6 மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட இயலாது என்பதால், சுற்றியிருக்கும் பெரியவர்கள் போட்டுக்கொள்வதே அதற்குக் கவசம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் இதை ஆண்டுதோறும் போட வேண்டும். பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய 2 வாரங்கள் ஆகும் என்பதால், காய்ச்சல் பருவம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணச் சளிக்குத் தடுப்பூசி கிடையாது.

தாய்க்கே சளி பிடித்தாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை; முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.